குழந்தைகள் எழுந்து போக முடியாத இடங்களில் ஒலிக்கும் ஆபாசப் பாடல்கள்: மாவட்ட ஆட்சியருக்குப் பெற்றோர் கோரிக்கை மனு

அனுப்புநர்
சாத்தூர் வட்டாரக் கிராமங்களைச் சேர்ந்த பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர்கள்,
விருதுநகர் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
விருதுநகர்.

பொருள்: மினிபஸ், பள்ளி ஆண்டு விழா, ஊர்த் திருவிழா, உள்ளூர் கேபிள் சேனல் ஆகியவற்றில் இரட்டை அர்த்தப் பாடல்கள் ஒலிப்பதைக் கட்டுப்படுத்த நடவடிக்கை எடுக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். நாங்கள் பட்டாசு ஆபீஸுக்கும் தீப்பெட்டி ஆபீஸுக்கும் போய்வரும் தாய்மார்கள், விவசாயக் கூலிகள், சின்னதாகக் கடை வைத்துப் பிழைப்பவர்கள். பாட்டு வேண்டாம் என்று சொல்கிற ஆட்கள் நாங்கள் இல்லை. வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டுகிற நேரத்தில் எஃப்.எம். ஓடாவிட்டால் எங்களுக்கே கை ஓடாது. முளைப்பாரிக்குக் கும்மி கொட்டும்போது முறைமாமனை வம்புக்கு இழுத்துப் பாடுகிறவர்களும் நாங்கள்தான். காதல் பாட்டையும் கேலிப் பாட்டையும் குறை சொல்ல இந்த மனுவை எழுதவில்லை.

எங்கள் குறை வேறு. ஒரு பெண்ணின் உடம்பை உறுப்பு உறுப்பாக வர்ணிக்கிற பாட்டு, மாட்டேன் என்று சொல்கிறவளை விடாமல் துரத்துவதுதான் ஆண்பிள்ளைத்தனம் என்று சொல்கிற பாட்டு, குழந்தைக்குப் புரியாது ஆனால் பக்கத்தில் நிற்கிறவன் சிரிப்பான் என்கிற தைரியத்தில் எழுதப்பட்ட வரி, இவையெல்லாம் பத்து வயதுப் பிள்ளையின் காதில் விழுகின்றன. அதுவும் அந்தப் பிள்ளை எழுந்து போக முடியாத இடத்தில். வீட்டில் என்றால் டிவியை நிறுத்துவோம், போனை வாங்கி வைப்போம். அது எங்கள் பொறுப்பு, அதைத் தங்கள் தலையில் கட்ட வரவில்லை. ஆனால் பஸ்ஸின் ஸ்பீக்கரை நாங்கள் நிறுத்த முடியாது. கோயில் திடலில் கட்டியிருக்கிற ஒலிபெருக்கிக் குழாயைக் கழற்ற முடியாது. அங்கெல்லாம் தங்கள் நிர்வாகத்துக்குத்தான் அதிகாரம் இருக்கிறது.

முதலில் மினிபஸ். எங்கள் ஊர்களில் காலை ஏழே முக்கால் வண்டியை விட்டால் பள்ளிக்கூட மணிக்குப் போய்ச் சேர முடியாது. கூட்டத்தில் சின்னப் பிள்ளைகளை டிரைவருக்குப் பக்கத்தில் என்ஜின் மூடி மேல் உட்கார வைப்பார்கள். ஸ்பீக்கர் அதற்கு நேர் மேலே. பெரிய பிள்ளைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்பார்கள். பின்னால் நிற்கும் சில பையன்களுக்கு எந்தப் பாட்டில் எந்த வரி எப்போது வரும் என்பது மனப்பாடம். பாட்டு முழுவதும் சும்மா இருந்துவிட்டு, அந்த ஒரு வரி வரும்போது மட்டும் சேர்ந்து குரல் கொடுப்பார்கள். அவர்கள் கண் எல்லாம் முன்னால் நிற்கிற பெண் பிள்ளை மேல் இருக்கும். ஒன்பதாவது படிக்கிற பிள்ளை முதுகில் இருக்கும் பையைக் கழற்றி முன்னால் கட்டிப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். கேட்டால், 'நாங்க பாட்டுதானே பாடினோம்' என்பார்கள். கண்டக்டரிடம் சொன்னால், 'பாட்டு இல்லேன்னா கூட்டம் எதிர் வண்டிக்குப் போயிடும்மா' என்கிறார். அவர் பிழைப்பு எங்களுக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கூட்டத்தில் பாதி எங்கள் பிள்ளைகள்.

2022ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. பேருந்தில் பெண்களை முறைத்துப் பார்ப்பது, விசில் அடிப்பது, கண் சிமிட்டுவது, பாட்டுப் பாடித் தொல்லை செய்வது ஆகியவற்றைச் செய்யும் பயணியைக் கண்டக்டர் இறக்கி விடலாம், போலீசில் ஒப்படைக்கலாம் என்று அதில் இருக்கிறது. அதற்கு முன்பே, 1998ஆம் ஆண்டு பெண்களைத் தொல்லைக்கு உள்ளாக்குவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. பயணி ஒருவர் பாடினால் குற்றமாகிற வரியை வண்டியின் ஸ்பீக்கரே பாடிக் கொடுத்தால், எந்தக் கண்டக்டர் யாரை இறக்கி விடுவார்? வட்டாரப் போக்குவரத்து அலுவலர் வழியாக மினிபஸ், தனியார் பஸ் உரிமையாளர்கள் அனைவரையும் ஒரு முறை அழைத்துப் பேச வேண்டுகிறோம். பள்ளி போகும் நேரத்திலும் விடும் நேரத்திலும் வண்டியில் பாட்டு வேண்டாம். மற்ற நேரத்தில் அவர்கள் விருப்பம். பிள்ளைகளை ஏற்றி வரும் வேன்களுக்கு எந்த நேரமும் இந்த விதி பொருந்த வேண்டும். தகுதிச் சான்றுக்கு வண்டி வரும்போது இதையும் எழுதி வாங்கிக்கொண்டால் போதும். அரசுக்குச் செலவு எதுவும் கிடையாது.

அடுத்து பள்ளி ஆண்டு விழா. இதைச் சொல்லத்தான் எங்களுக்கு அதிகம் வலிக்கிறது, ஏனென்றால் இங்கே பிள்ளைகளை மேடை ஏற்றுகிறவர்கள் நாம் நம்பி அனுப்புகிறவர்கள். எங்கள் பகுதியில் ஒரு பள்ளியின் ஆண்டு விழாவில் நான்காம் வகுப்புப் பெண் குழந்தைகள் ஆடினார்கள். ஒரு படத்தில் வயது வந்த நடிகை மதுக்கடை செட்டில் ஆடிய ஆட்டம் அது. யூடியூபைப் பார்த்து அப்படியே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இடுப்பில் கை வைக்க வேண்டிய இடத்தில் கை வைத்து, உதட்டைக் கடிக்க வேண்டிய இடத்தில் உதட்டைக் கடித்து, குழந்தைகள் ஒன்றைக்கூடத் தவற விடவில்லை. எதற்கு அப்படிச் செய்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியாது. முன் வரிசையில் விருந்தினர்கள் கை தட்டினார்கள். அதோடு முடிந்திருந்தால்கூடச் சரி, ஒரு ராத்திரி நிகழ்ச்சி என்று விட்டிருப்போம். யாரோ எடுத்த வீடியோ மறுநாள் ரீல்ஸில் வந்தது. கீழே முன்பின் தெரியாத ஆண்கள் எழுதியிருந்ததை இந்த மனுவில் எழுத எங்களுக்குக் கை வரவில்லை. ஒன்பது வயதுக் குழந்தையைப் பற்றி எழுதியவை அவை. அந்தக் குழந்தையின் அம்மா அதை வாசித்துவிட்டு, அடுத்த வருஷம் டான்ஸே வேண்டாம் என்று பெயரை எடுத்துவிட்டார்.

ஆட வேண்டும் என்று ஆசைப்பட்ட குழந்தைக்கு அதனால் ஆட்டமே போய்விட்டது. இது நியாயம் இல்லை. இந்த மனுவைக் காரணம் காட்டி, பெண் பிள்ளைகள் மேடை ஏறக் கூடாது, பாவாடை நீளம் இவ்வளவு இருக்க வேண்டும் என்றெல்லாம் யாரும் புதிதாகக் கட்டுப்பாடு கொண்டுவந்துவிடக் கூடாது என்பதையும் அழுத்தமாகச் சொல்லிக்கொள்கிறோம். பிள்ளைகள் நன்றாக ஆடட்டும். அரசுப் பள்ளிகளில் 2022–23 முதல் நடக்கும் கலைத் திருவிழாவுக்கு எங்கள் பிள்ளைகள் ஒயிலாட்டமும் பறையும் பழகுகிறார்கள். அதில் இல்லாத துள்ளலா, சந்தோஷமா? சினிமாப் பாட்டிலும் பிள்ளைகள் ஆடத் தக்கவை எத்தனையோ இருக்கின்றன. தேர்ந்தெடுக்க ஒருவர் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

டிவியில் குழந்தைகள் ஆடும் போட்டிகளைப் பற்றி மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2019 ஜூன் மாதம் தனியார் சேனல்களுக்கு ஓர் அறிவுரை அனுப்பியது. படங்களில் பெரியவர்கள் ஆடிய ஆட்டத்தை வயதுக்குப் பொருந்தாத விதத்தில் குழந்தைகளை ஆட வைப்பது அவர்களைப் பாதிக்கும், அப்படிக் காட்டுவதைத் தவிர்க்க வேண்டும் என்பது அதன் சாரம். டிவி ஸ்டுடியோவுக்குச் சொன்னது பள்ளிக்கூட மேடைக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். முதன்மைக் கல்வி அலுவலர் வழியாக அரசு, உதவி பெறும், தனியார் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் ஒரு சுற்றறிக்கை போக வேண்டும். விழாவுக்கு முன் பாட்டுப் பட்டியலைத் தலைமையாசிரியரும் பெற்றோர் தரப்பில் இருவரும் கேட்டுப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். குழந்தைகளின் வீடியோவைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் பள்ளியோ ஒளிப்பதிவாளரோ பொதுவில் போடக் கூடாது.

திருவிழாவுக்கு வருகிறோம். பங்குனி, சித்திரை வந்தால் எங்கள் பக்கம் ஊருக்கு ஊர் கோயில் பொங்கல். ஆடல் பாடல் நிகழ்ச்சிக்குச் சாக்கு விரித்து முதல் வரிசையில் உட்காருவது சின்னப் பிள்ளைகள்தான். பெரியவர்கள் பின்னால் நிற்பார்கள். இந்த நிகழ்ச்சிகளுக்கு அனுமதி கேட்டுப் போன பல வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆபாச நடனம் கூடாது, இரட்டை அர்த்தப் பாடல் கூடாது, குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்திருக்கிறது. காவல் நிலையத்தில் தரும் அனுமதித் தாளிலும் அது அச்சாகி வருகிறது. விழாக் கமிட்டி கையெழுத்துப் போட்டு வாங்குகிறது. அம்மன் பாட்டு இரண்டு முடிந்ததும் அந்தத் தாளை யாரும் நினைப்பதில்லை. பாதுகாப்புக்கு வரும் காவலர் அடிதடி வராமல் பார்த்துக்கொள்கிறார். எந்தப் பாட்டு போகிறது என்று பார்க்க அவருக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை.

மேடையில் ஆடும் பெண்கள் மேல் வழக்குப் போடுவதால் எதுவும் தீராது. அவர்கள் கூலிக்கு வருகிறவர்கள். எந்தப் பாட்டு என்று முடிவு செய்வதும், அவர்கள் உடையில் ரூபாய் நோட்டைக் குத்துவதும் கீழே இருக்கிறவர்கள். நிபந்தனையை மீறினால் கையெழுத்துப் போட்ட கமிட்டியும் நிகழ்ச்சியை நடத்தும் குழு உரிமையாளரும் பதில் சொல்ல வேண்டும். இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 296ஆவது பிரிவு, பொது இடத்தில் பிறருக்குத் தொல்லையாக ஆபாசப் பாடல் பாடுவதற்கு 3 மாதம் வரை சிறை, 1000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. யாரையும் ஜெயிலுக்கு அனுப்பச் சொல்லவில்லை. மீறிய கமிட்டிக்கு அடுத்த வருஷம் ஆடல் பாடலுக்கு அனுமதி இல்லை என்று ஒரு ஊரில் நடந்துவிட்டால், மற்ற ஊர்களில் தானாகச் சரியாகிவிடும். மே 1 கிராம சபைக் கூட்டத்தில் இதைப் பொருளாக வைக்க ஊராட்சிகளுக்குத் தாங்கள் சொன்னால் இன்னும் நல்லது. பாட்டுச் செட் விஷயத்தில் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் தெளிவாகவே இருக்கின்றன. பள்ளி, மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி, இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. பரீட்சை நேரத்திலாவது அதை நடைமுறைப்படுத்த வேண்டும்.

கடைசியாக உள்ளூர் கேபிள் சேனல். பிறந்த நாள் வாழ்த்துப் படம் ஒரு மூலையில் ஓட, பள்ளி விட்டுப் பிள்ளைகள் வீட்டுக்கு வரும் நேரத்தில் எந்தப் பாட்டையும் போடுகிறார்கள். கேபிள் டிவி விதிகளின் 6ஆவது விதிப்படி, எல்லோரும் பார்க்கத் தக்கது என்று தணிக்கை வாரியம் சான்று தராத சினிமாப் பாட்டையோ இசை வீடியோவையோ கேபிளில் காட்டக் கூடாது. குழந்தைகள் அதிகமாகப் பார்க்கும் நேரத்தில் அவர்களுக்கு ஒவ்வாததை ஒளிபரப்பக் கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. இப்போது படம் தணிக்கைக்குப் போவதற்கு முன்பே பாட்டு லிரிக் வீடியோவாக யூடியூபில் வந்துவிடுகிறது. தியேட்டரில் ஒரு சொல்லை மௌனமாக்கினாலும் பென்டிரைவில் முழுப் பாட்டும் இருக்கிறது. மினிபஸ்ஸுக்கும் பாட்டுச் செட்டுக்கும் அதுதான் போகிறது. யூடியூபைத் தாங்கள் கட்டுப்படுத்த முடியாது என்பது தெரியும். ஆனால் 1995ஆம் ஆண்டின் கேபிள் டிவி சட்டத்தில் மாவட்ட ஆட்சியர் அதிகாரம் பெற்ற அலுவலர். விதியை மீறும் ஒளிபரப்பை நிறுத்தச் சொல்லி உத்தரவிட 19ஆவது பிரிவு தங்களுக்கு இடம் தருகிறது.

மத்திய அரசின் 2008ஆம் ஆண்டு ஆணைப்படி மாவட்டந்தோறும் கேபிள் ஒளிபரப்பைக் கண்காணிக்க ஒரு குழு இருக்க வேண்டும். அதில் பெண்கள் கல்லூரி முதல்வர், குழந்தை நலம், பெண்கள் நலத்துக்குப் பணியாற்றும் அமைப்புகளின் பிரதிநிதிகள், உளவியல் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் இடம் உண்டு. நம் மாவட்டக் குழுவைக் கூட்டி, அதன் உறுப்பினர்கள் யார், புகாரை எங்கே கொடுப்பது என்பதை ஆட்சியர் அலுவலக அறிவிப்புப் பலகையிலும் ஊராட்சி அலுவலகங்களிலும் ஒட்ட உத்தரவிட வேண்டுகிறோம். பஸ், பள்ளி, திருவிழா பற்றிய புகார்களையும் அந்தக் குழுவே வாங்கி உரிய துறைக்கு அனுப்பினால், எங்களைப் போன்றவர்கள் நாலு ஆபீஸுக்கு அலைய வேண்டியிருக்காது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத்தான் நாங்கள் மனுக் கொடுக்க வருகிறோம்.

ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது முதல் வேலையாக மினிபஸ் விஷயத்தையாவது முடித்துத் தர வேண்டும். பஸ் உரிமையாளர்கள், விழாக் கமிட்டியினர், தலைமையாசிரியர்கள் ஆகியோரோடு தாங்கள் கூட்டம் வைத்தால் பெற்றோர் தரப்பில் நாங்களும் வந்து பேசத் தயாராக இருக்கிறோம். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வைத்தால் தாய்மார்கள் அதிகம் பேர் வர முடியும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சாத்தூர் வட்டாரக் கிராமப் பெற்றோர்கள்
(கையெழுத்துகளும் கைரேகைகளும் தனித் தாள்களில் இணைக்கப்பட்டுள்ளன)

நகல்:
மாவட்டக் காவல் கண்காணிப்பாளர், விருதுநகர்
முதன்மைக் கல்வி அலுவலர், விருதுநகர்
வட்டாரப் போக்குவரத்து அலுவலர், விருதுநகர்