மாஸ்டரை வீட்டுக்கு அனுப்பு

ஜெய்ஹிந்துபுரம், மதுரை

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வந்து மூன்று நாளாகிறது. மகள் வளைகாப்பு நல்லபடியாக முடிந்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவைத் தனியே விட்டு நகர முடியாததால்தான் உசிலம்பட்டி வர முடியவில்லை. மனசில் வைத்துக்கொள்ளாதே.

கடைசியில் போகிறபோக்கில் இரண்டு வரி எழுதியிருந்தாய். உன் கடைப் பரோட்டா மாஸ்டருக்கு இரண்டு நாளாகக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும், ஆனாலும் மனுஷன் ஒரு நாள்கூட லீவு போடவில்லை, அப்படி ஒரு விசுவாசம் என்று. அதைப் படித்ததிலிருந்து எனக்கு நிம்மதியில்லை. மாப்ள, அது விசுவாசம் இல்லை. அவருக்குத் தினச் சம்பளம். கல்லுக்கு முன்னால் நின்றால்தான் அன்றைக்குக் காசு. படுத்துவிட்டால் வீட்டில் அடுப்பும் படுத்துவிடும்.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று நீ கேட்கலாம். அதனால் போன தீபாவளியில் நடந்ததை எழுதுகிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் ஜவுளிக்கடையில் மாசம் முழுக்க லீவே எடுக்காதவர்களுக்கு ஆயிரம் ரூபாய் அட்டெண்டன்ஸ் போனஸ் உண்டு. ஒரு நாள் போனாலும் முழு ஆயிரமும் போய்விடும். தீபாவளிக்கு ஆறு நாள் இருக்கும்போது, பட்டு செக்‌ஷனில் நிற்கிற ஆண்டிப்பட்டிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, மாடிப்படிக்குக் கீழே இருக்கும் தண்ணீர்க் குழாயில் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. அந்த ஏசியிலும் கழுத்தெல்லாம் வேர்வை. "என்னம்மா?" என்றேன். "ஒண்ணுமில்லண்ணே. டோலோ போட்டா கேட்டுரும். மாசம் முடிய இன்னும் கொஞ்ச நாளுதான, லீவு போட்டா ஆயிரம் போயிரும்ணே" என்றாள். சூப்பர்வைசர் நான் என்ன செய்தேன் தெரியுமா? தலையை ஆட்டிவிட்டு, கூட்டம் அதிகமாக இருந்த கவுண்டருக்கு அவளை மாற்றினேன். வாய் ஓயாமல் இருமிக்கொண்டே, ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு அவள் சேலையை விரித்துக் காட்டியதை என் கண்ணால் பார்த்தேன்.

மாத்திரை காய்ச்சலைத்தான் இறக்கும். கிருமி பரவுவதை நிறுத்தாது. உடம்பு லேசானது போலத் தெரியும், ஆள் கூட்டத்துக்குள் போய்விடுவார். ஃப்ளூ காய்ச்சல் அடுத்தவருக்கு அதிகமாகத் தொற்றுவதே முதல் மூன்று நாலு நாளில்தான். அந்த வாரத்திலேயே கடைப் பெண்கள் தங்குகிற ஹாஸ்டலில் ஏழு பேர் படுத்தார்கள். பிறகு எனக்கு வந்தது. நானும் மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் போனேன். அடுத்து அம்மாவுக்கு. ஏற்கெனவே இளைப்பு இருக்கிற உடம்பு, நிமோனியாவாகிப் பெரியாஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தாள். கடையிலிருந்துதான் வந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அம்மா இப்போது நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுகிறாள். ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்தத் தண்ணீர்க் குழாய்தான் ஞாபகம் வருகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை மாப்ள. 1947ஆம் வருஷத்துத் தமிழ்நாடு கடைகள் சட்டத்திலேயே வருஷத்துக்கு 12 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு இருக்கிறது. எங்கள் கடைப் பெண்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? சம்பளத்தில் 0.75 சதவீதம் இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடிக்கிறார்கள். உடம்பு முடியாவிட்டால் 70 சதவீதச் சம்பளம், வருஷத்தில் 91 நாள் வரைக்கும் கிடைக்கும். ஆனால் பொதுவாக முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. அந்த இரண்டு நாளில்தானே ஆள் வீட்டில் இருக்க வேண்டும்!

இத்தனைக்கும் நம் ஊருக்கு இது தெரியாத விஷயமில்லை. போன பங்குனியில் குடோன் பையனுக்கு அம்மை போட்டது. எங்கள் மேனேஜரே அவனைக் கூப்பிட்டு, "மூணு தண்ணி ஊத்திட்டு வாடா, அதுவரைக்கும் இந்தப் பக்கம் வராத" என்று கையில் பணமும் கொடுத்து அனுப்பினார். சர்டிபிகேட் கேட்கவில்லை, போனஸிலும் கை வைக்கவில்லை. வாசலில் வேப்பிலை சொருகியிருந்தால் கடன்காரன்கூடத் திரும்பிப் போவான். கொப்புளமெல்லாம் பொருக்குத் தட்டிக் காயும் வரைக்கும் தொற்றும் என்றுதான் டாக்டரும் சொல்கிறார். ஆத்தா பேரைச் சொல்லி அதைத்தானே நம் பாட்டிமார் செய்தார்கள்? அம்மைக்குக் காட்டுகிற அந்த மரியாதையைக் காய்ச்சலுக்கும் காட்டினால் என்ன? கொரோனா நேரத்தில் கொஞ்ச நாள் காட்டினோம். 2020 மார்ச் 25ஆம் தேதி தமிழ்நாட்டின் முதல் கொரோனா சாவு நம் மதுரையில்தான். ஊரடங்கு முடிந்து கடை திறந்தபோது, காய்ச்சல் பார்க்கிற துப்பாக்கியை வாசலில் வைத்து ஒவ்வொருவர் நெற்றியிலும் பிடித்தோம். இப்போது அது பில் போடுகிற டிராயரில் பேட்டரி இல்லாமல் கிடக்கிறது.

உன் மாஸ்டர் விஷயத்துக்கு வருகிறேன். கல்லில் வேகும்போது கிருமி செத்துவிடும் என்று நினைப்பாய். ஆனால் எடுத்த பிறகு பரோட்டாவை அடுக்கி வைத்து இரண்டு கையாலும் அடிக்கிறாரே? தயிர் வெங்காயத்துக்கு நறுக்குகிறாரே? அதெல்லாம் வேகப்போவதில்லை. முதலில் ரத்தம் பார்க்கச் சொல், டைபாய்டாக இருக்கலாம். டைபாய்டு என்றால் காய்ச்சல் விட்ட பிறகும் மலத்தில் கிருமி போய்க்கொண்டிருக்கும். டாக்டர் மலத்தைப் பரிசோதித்துச் சரி என்று சொல்லும் வரைக்கும் கல்லுப் பக்கம் விடாதே. சாதாரண வயிற்றுப்போக்காக இருந்தாலும், நின்ற பிறகு முழுசாக இரண்டு நாள் போகட்டும். உன் கடையில் மாட்டியிருக்கிற உணவுப் பாதுகாப்புச் சான்றிதழின் விதியிலும் தொற்றுநோய் உள்ளவரை வேலைக்கு வைக்கக் கூடாது என்றுதான் இருக்கிறது.

நியூயார்க்கில் மேரி மாலன் என்று ஒரு சமையல்காரி இருந்தாள். உடம்பில் டைபாய்டு கிருமி இருந்தும் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. 1907இல் பிடித்துத் தீவில் தனியாக வைத்தார்கள். இனிமேல் சமைக்கக் கூடாது என்று சொல்லி 1910இல் விட்டார்கள். துணி துவைக்கிற வேலையில் கூலி குறைவு. பேரை மாற்றிக்கொண்டு மறுபடி அடுப்படிக்கே போனாள். 1915இல் அவள் சமைத்த ஒரு ஆஸ்பத்திரியில் 25 பேருக்கு டைபாய்டு, இரண்டு பேர் செத்தார்கள். அவளைத் திரும்பவும் அதே தீவில் அடைத்தார்கள், 1938இல் சாகும் வரைக்கும். சமைக்காதே என்றவர்கள், சமைத்தால் வருகிற கூலிக்கு வழி செய்யவில்லை. அதுதான் எனக்குப் பெரிசாகப் படுகிறது.

அதனால் மாஸ்டரை வெறுங்கையோடு அனுப்பாதே. அனுப்பினால் உனக்குத் தெரியாமல் வேறு கடையில் போய் நிற்பார். ஆறு பேர் வைத்து நடத்துகிற கடைக்கு ஒரு வாரச் சம்பளம் சும்மா கொடுப்பது கஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். பாதியை நான் தருகிறேன். வெட்கப்படாமல் வாங்கிக்கொள். மாஸ்டர் வரும் வரைக்கும் இட்லி, தோசை மட்டும் போடு. சனிக்கிழமை ராத்திரி தம்பி மகனை அம்மாவுக்குத் துணைக்கு வைத்துவிட்டு வந்து கல்லாவில் உட்காருகிறேன், நீ உள்ளே பார்த்துக்கொள்.

அம்மா உன் கடை பரோட்டா, சால்னா கேட்டுக்கொண்டிருக்கிறாள். மாஸ்டர் தேறி வந்ததும் வாங்கி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
உன் மாப்ள