முப்பது நாள் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர், சிங்கப்பூரில் வேலை அனுமதி (பாஸ்) கையில் இருக்கும்போது நிரந்தரவாசம் (பிஆர்) எதற்கு, சம்பளத்தில் சிபிஎஃப் என்கிற கட்டாய ஓய்வுக்காலச் சேமிப்புக்குப் பிடித்தம் போவதுதான் மிச்சம், ஊருக்கு அனுப்புகிற பணமும் குறைகிறது என்று எழுதியிருந்தார். அவர் சொன்னதில் பாதி சரி, பிடித்தம் உண்மைதான். ஆனால் பாஸில் இருப்பவருக்கும் பிஆர் ஆனவருக்கும் என்ன வித்தியாசம் என்பது வேலை இருக்கிறவரை பெரிதாகத் தெரியாது. இரண்டு பக்கமும் இருந்து பார்த்தவன் நான். அதனால் எழுதுகிறேன், நீளமாகப் போனால் தாராளமாக வெட்டிக்கொள்ளுங்கள்.

எனக்குப் புதுக்கோட்டைப் பக்கம். 2008ல் நடுத்தரத் திறன் ஊழியர்களுக்கான எஸ் பாஸில் சிங்கப்பூர் வந்தேன், கட்டடங்களில் குளிர்சாதனப் பராமரிப்பு வேலை. 2012ல் அதற்கு மேல்படியான எம்ப்ளாய்மென்ட் பாஸ் கிடைத்தது, மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள், செங்காங்கில் வாடகை வீடு. 2014ல் பிஆருக்கு விண்ணப்பித்தேன், சில மாதம் கழித்து இல்லை என்று பதில் வந்தது. ஏன் இல்லை என்று சொல்ல மாட்டார்கள், யாருக்கும் சொல்வதில்லை. சரி, பாஸ்தான் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். அந்த வாசகர் இப்போது இருக்கிற மனநிலையில்தான் நானும் அன்று இருந்தேன்.

எதிர்வீட்டில் ஒரு நண்பர் இருந்தார், கப்பல் பட்டறைத் தொழிலில் எஞ்சினியர். எண்ணெய் விலை விழுந்து பட்டறைகளில் வேலை குறைந்துகொண்டே வந்த காலம் அது. 2016 ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அவரைக் கூப்பிட்டு இனி வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதற்கப்புறம் நடந்ததை அந்த வாசகர் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டும். பாஸை ரத்து செய்ததும் 30 நாளுக்கு வருகை அனுமதி கொடுப்பார்கள். அவருடைய பாஸை நம்பி வந்த மனைவி, மகள் அனுமதியும் அதோடு போய்விடும். வெளிநாட்டு ஊழியர் வேலையை விட்டால் வருமான வரிக் கணக்கு முடிகிறவரை கடைசிச் சம்பளத்தை நிறுவனம் நிறுத்தி வைக்க வேண்டும் என்பது விதி, ஆகவே செலவு அதிகமாக இருக்கிற அந்த மாதத்தில்தான் கையில் காசு இருக்காது. அந்த 30 நாளுக்குள் வேறு நிறுவனம் எடுத்து, அவர்கள் பாஸுக்கு விண்ணப்பித்து, அதுவும் கிடைத்தால் தப்பித்தோம். அவருக்கு நான்கு இடத்தில் நேர்முகம் நடந்தது, ஒன்றும் அமையவில்லை.

வாடகை ஒப்பந்தம் முடிய ஏழு மாதம் பாக்கி இருந்தது, வீட்டுக்காரரிடம் கெஞ்சி முன்பணத்தில் பாதியை மீட்டார். வாஷிங் மெஷினை நாங்கள் எடுத்துக்கொண்டோம், சோபாவை யாரும் எடுக்கவில்லை. அவர் மகள் தொடக்கநிலை நான்கு, ஆண்டிறுதித் தேர்வுக்குச் சில வாரம்தான் இருந்தது, எழுத முடியவில்லை. சாங்கி விமான நிலையத்துக்கு வழியனுப்பப் போனபோது அந்தப் பிள்ளை பள்ளிப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு நின்றாள். பெட்டிகளில் இடமில்லையாம். திரும்பி வருகிற எம்ஆர்டி ரயிலில் என் மனைவி ரொம்ப நேரம் ஒன்றுமே பேசவில்லை, செராங்கூன் தாண்டினதும், “ஏங்க, நமக்கும் இதே முப்பது நாள்தானே?” என்று கேட்டாள்.

அந்த வாரமே மறுபடியும் சான்றிதழ்களைத் தேடி எடுத்தோம். 2017ல் பிஆர் கிடைத்தது, எங்கள் இருவருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும். நீல அடையாள அட்டை. குடிமக்களுடையது இளஞ்சிவப்பு.

இப்போது அந்த வாசகரின் பிடித்தக் கணக்குக்கு வருகிறேன். ஐம்பத்தைந்து வயதுக்குக் கீழே உள்ள ஒருவருக்கு 6,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். பிஆர் ஆன முதல் வருஷம் ஊழியர் பங்கு 5 விழுக்காடு, 300 வெள்ளி. இரண்டாம் வருஷம் 15 விழுக்காடு, 900. மூன்றாம் வருஷத்திலிருந்து முழு விகிதம் 20 விழுக்காடு, அதாவது 1,200 வெள்ளி கைக்கு வராது. ஊருக்கு அனுப்புகிறவனுக்கு இது வலிக்கும், எனக்கும் வலித்தது, அப்பாவுக்கு அனுப்புவதைக் குறைத்தேன், அவரும் ஏன் என்று கேட்கவில்லை. ஆனால் அந்த வாசகர் எழுதாமல் விட்டது முதலாளியின் பங்கு. முதல் வருஷம் 4, அப்புறம் 9, மூன்றாம் வருஷத்திலிருந்து 17 விழுக்காடு. அதே 6,000க்கு மாதம் 1,020 வெள்ளி முதலாளி கையிலிருந்து வருகிறது. பாஸில் இருந்தவரை அந்தப் பணம் எனக்குக் கிடையாது. ஒன்பது வருஷம் வேலை பார்த்தும் ஓய்வுக்காலத்துக்கு என்று யாரும் எனக்கு ஒரு காசு போடவில்லை. சிபிஎஃப்பில் சாதாரணக் கணக்குக்கு 2.5 விழுக்காடு வட்டி, சிறப்புக் கணக்குக்கு 4. பிஆரை ஒப்படைத்துவிட்டு ஒரேயடியாக ஊருக்குப் போகிறவர் மொத்தத்தையும் எடுத்துக்கொண்டு போகலாம். எனவே அது தொலைந்த பணம் இல்லை.

மருத்துவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் மகன் 2013ல் இங்கே பிறந்தான், நான் பாஸில் இருந்தேன், மானியம் என்ற பேச்சே இல்லை. எம்ப்ளாய்மென்ட் பாஸ்காரருக்கு நிறுவனம் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, எஸ் பாஸுக்கும் ஒர்க் பர்மிட்டுக்கும்தான் அது. பில்லைப் பார்த்துவிட்டு மனைவியிடம் காட்டாமல் மடித்து வைத்தேன். 2019ல் எனக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை நடந்தபோது மானியம் இருந்தது, 2015 நவம்பரில் தொடங்கிய மெடிஷீல்டு லைஃப் காப்பீடு இருந்தது, மீதியை சிபிஎஃப்பில் மருத்துவத்துக்கென்று இருக்கிற மெடிசேவ் கணக்கிலிருந்து கட்டினேன். குடிமக்களுக்குக் கிடைக்கிற அளவு மானியம் நமக்குக் கிடையாது, அதைவிடக் குறைவுதான். ஆனாலும் அந்தப் பில்லை மடித்து ஒளிக்க வேண்டியிருக்கவில்லை.

பள்ளிக்கூடமும் அப்படித்தான். தொடக்கநிலை ஒன்றுக்குப் பதிகிறபோது குடிமக்கள், பிஆர் பிள்ளைகள் எல்லாரும் முடிந்த பிறகு மிஞ்சுகிற இடம்தான் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு, அதுவும் கிடைத்தால்தான் உண்டு. பிஆருக்குக் கட்டணம் குடிமக்களைவிட அதிகம், வெளிநாட்டுப் பிள்ளைகளைவிடக் குறைவு. மனைவி விஷயம் பலர் யோசிப்பதே இல்லை. 2021 மே முதல், சார்ந்திருப்போர் அனுமதியில் வந்தவர் வேலை பார்க்க வேண்டுமென்றால் பொதுவாகத் தனியாக ஒரு வேலை அனுமதி வாங்கியாக வேண்டும். ஊரில் பி.எட். முடித்துவிட்டு இங்கே நாலு சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிற எத்தனையோ பெண்களைத் தேக்கா சந்தையில் காய்கறி வாங்கும்போதே பார்க்கலாம். பிஆர் என்றால் யாரிடமும் கேட்க வேண்டாம். என் மனைவி 2019ல் ஒரு பாலர் பள்ளியில் உதவி ஆசிரியையாகச் சேர்ந்தாள்.

அந்தச் சம்பளம்தான் எங்களைக் காப்பாற்றியது. 2020 ஜூனில், கொவிட் சமயம், எங்கள் நிறுவனத்தில் ஆட்குறைப்பு, என் பெயரும் இருந்தது. எந்த நிறுவனம் என்பது வேண்டாம், கையில் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துத்தான் அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து சொன்னேன், மனைவி அழுதாள், மறுநாள் காலை எழுந்து வேலைக்குப் போனாள். நான்கு மாதம் வேலை இல்லாமல் இருந்தேன். யாரும் என்னை நாள் எண்ணச் சொல்லவில்லை. “சிங்கப்பூரர், பிஆர் மட்டும்” என்று போட்ட விளம்பரங்களுக்கு என்னாலும் விண்ணப்பிக்க முடிந்தது. நிறுவனங்களுக்கும் இத்தனை வெளிநாட்டு ஊழியர்தான் வைக்கலாம் என்கிற ஒதுக்கீட்டுக் கணக்குத் தலைவலி இல்லை, ஏனென்றால் பிஆர் உள்ளூர் ஊழியர் கணக்கில்தான் வருவார். அக்டோபரில் வேலை கிடைத்தது, சம்பளம் முன்னைவிடக் கம்மி. மகள் அந்த வருஷம் தொடக்கநிலை நான்கு. எதிர்வீட்டுப் பிள்ளை படித்த அதே வகுப்பு. இவள் பள்ளியைவிட்டு எங்கும் போக வேண்டியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

வீடு வாங்கலாம் என்பதைத்தான் எல்லாரும் முதலில் சொல்கிறார்கள், நான் கடைசியில் சொல்கிறேன், அதில் நிறைய முடிச்சு இருக்கிறது. வீவக, அதாவது அரசாங்க வீட்டு வாரியத்தின் புதிய வீடு கிடையாது, இருவருமே பிஆர் என்றால் மறுவிற்பனை வீடு மட்டும், அதுவும் இருவரும் பிஆர் ஆகி மூன்று வருஷம் முடிந்த பிறகு. வீவக கடன் கிடையாது, வங்கிக்குத்தான் போக வேண்டும், மானியமும் இல்லை. முதல் வீடாகவே இருந்தாலும் கூடுதல் முத்திரை வரி 5 விழுக்காடு, 4,80,000 வெள்ளி வீட்டுக்கு 24,000 வெள்ளி என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மலேசியர் அல்லாத பிஆர் குடும்பங்களுக்கு ஒரு புளோக்கில் 8 விழுக்காடு, வட்டாரத்தில் 5 விழுக்காடு என்று வரம்பு இருக்கிறது. நாங்கள் ஆசைப்பட்ட முதல் வீட்டை அந்த வரம்பால் விட்டோம், ஏஜென்ட் முதலிலேயே பார்த்திருக்கலாம். இன்னொன்று, வேறு தனியார் வீடு வைத்திருந்தால், வெளிநாட்டில் இருந்தாலும், ஆறு மாதத்துக்குள் அதை விற்றாக வேண்டும். திருச்சியில் என் பெயரில் இருந்த ஃப்ளாட்டை 2021ல் அப்படித்தான் விற்றேன். அப்பாவுக்கு இன்றுவரை அதில் மனத்தாங்கல். ஆனால் பாஸில் இருக்கிறவர் வீவக வீடு வாங்கவே முடியாது, தனியார் வீட்டுக்கு 2023 ஏப்ரலிலிருந்து அந்தக் கூடுதல் முத்திரை வரி 60 விழுக்காடு. வாடகையை வருஷா வருஷம் ஏற்றிக்கொண்டே போன வீட்டுக்காரர்களை நினைத்தால் 24,000 பரவாயில்லை என்றுதான் தோன்றுகிறது.

பாஸ்போர்ட் மாறாது, இந்தியப் பாஸ்போர்ட்தான். இங்கே ஓட்டு கிடையாது. வெளிநாடு போய்த் திரும்புவதற்கான மறு நுழைவு அனுமதியை, பெரும்பாலும் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை, புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும், அது காலாவதியானபின் வெளியூரில் மாட்டிக்கொண்டால் பிஆரே கேள்விக்குறி.

அப்புறம் பையன்கள் விஷயம். அந்த வாசகர் இதை ஒரு வரியில் தாண்டிப் போயிருந்தார், எனக்கு அதில்தான் கோபம். முதல் தலைமுறையாக வேலையின் பேரில் பிஆர் வாங்கின எனக்குத் தேசிய சேவை, அதாவது ராணுவம், போலீஸ் போன்றவற்றில் செய்கிற கட்டாயப் பணி, இல்லை. என் ஆதரவில் பிஆர் ஆன மகனுக்கு உண்டு. பதினாறரை வயதில் பதிய வேண்டும், பிறகு இரண்டு வருஷம் முழுநேரம், அதற்கப்புறம் பல வருஷம் வருடாந்திரப் பயிற்சி. 13 வயதிலிருந்தே மூன்று மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் இருக்க அனுமதி வாங்க வேண்டும். தப்பித்தால் 10,000 வெள்ளி வரை அபராதம், மூன்று வருஷம் வரை சிறை. பையனுக்குப் பதினைந்து வயதானதும் பிஆரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊரிலோ ஆஸ்திரேலியாவிலோ படிக்க வைக்கிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள், தெரியாதது போல நடிக்க வேண்டாம். அப்படிச் செய்தால் பின்னால் அந்தப் பையன் இங்கே படிக்கவோ வேலை பார்க்கவோ விண்ணப்பிக்கும்போது அது அவனுக்கு எதிராக நிற்கும், இதை அரசாங்கம் ஒளித்து வைக்கவில்லை. மானியம், பள்ளி இடம், வீடு எல்லாவற்றையும் பத்து வருஷம் வாங்கிக்கொண்டு முறை வரும்போது நழுவுவது எனக்குச் சரியாகப் படவில்லை. என் மகனுக்கு இப்போது பன்னிரண்டு. அவனுக்காக முடிவெடுத்தபோது அவனுக்கு நான்கு வயது, அந்த உறுத்தல் எனக்கு இருக்கத்தான் செய்கிறது. புளோக்குக்குக் கீழே பச்சைச் சீருடையில் போகிற பையன்களைப் பார்த்து அவன் ஏதேதோ கேட்பான், நான் பதில் சொல்வேன், என் மனைவி அடுப்படிக்குப் போய்விடுவாள்.

போன மாதம் என் தங்கை கணவர் கூப்பிட்டார், அவரும் இங்கேதான் எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருக்கிறார், பையனுக்கு ஐந்து வயது. “மச்சான், பையன் பேரைச் சேர்க்காம எங்க ரெண்டு பேருக்கு மட்டும் பிஆர் போட்டா என்ன?” என்றார். போடலாம், அதில் தப்பில்லை, ஆனால் பள்ளி இடத்துக்குக் கடைசி வரிசையில் நிற்க வேண்டும், வெளிநாட்டுப் பிள்ளைக் கட்டணம் கட்ட வேண்டும், அதைத் தாங்க முடியுமா பாருங்கள் என்றேன். பையனைச் சேர்த்தால் பதினெட்டில் என்ன வரும் என்பதையும் என் தங்கையிடம் நீங்களே உட்கார்ந்து சொல்லுங்கள், நான் சொன்னேன் என்று சொல்லாதீர்கள் என்றேன். “உங்க தங்கச்சிகிட்ட பேசிட்டுக் கூப்பிடுறேன்” என்றார். மூன்று வாரம் ஆகிறது, இன்னும் கூப்பிடவில்லை.

இப்படிக்கு,
செங்காங் வாசகர் ஒருவர்