மூன்றடுக்கு மரவீடு: சுவருக்குள் ஒரு புகைபோக்கி

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்காவின் பழைய 'டிரிபிள் டெக்கர்' மரவீடுகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, தளத்துக்கு ஒன்றாக முகப்பில் அடுக்கிய திறந்த மாடங்களோடு நின்றுவிட்டது. இவற்றைப் பழுதுபார்க்க நினைப்பவர் முதலில் சுவருக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர், பாஸ்டன் போன்ற நகரங்களில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 1920கள் வரை தொழிலாளர் குடும்பங்களுக்காக எழுந்த வீடுகள் இவை. ஒடுங்கிய நீள மனை, தளத்துக்கு ஒரு குடும்பம். பெரும்பாலும் தனித்து நிற்பதால் நான்கு பக்கமும் சன்னல் வைக்க முடிந்தது. அக்காலத்து வாடகைக் குடியிருப்புகளில் அவ்வளவு வெளிச்சம் அரிது.

பல வீடுகளின் சட்டகம் 'பலூன் ஃப்ரேம்'. சுவருக்குள் செங்குத்தாக நிற்கும் மரங்களான நிலைச்சட்டங்கள் பொதுவாக 16 அங்குலத்துக்கு ஒன்றாக, தளத்துக்குத் தளம் துண்டாகாமல் மேலே ஓடும். அவற்றில் வெட்டிப் பதித்த பட்டைப் பலகையின்மேல் தளத்தின் குறுக்குச்சட்டங்கள் உட்காரும். ஆகவே இரு நிலைச்சட்டங்களுக்கு நடுவிலுள்ள பொந்து, அடைப்பு வைக்காத வீட்டில், நிலவறையிலிருந்து பரண்வரை திறந்தே கிடக்கும். கீழே பிடித்த தீ அதற்குள் நுழைந்தால் நடுத்தளத்தில் இருப்பவர் அறியும்முன் பரணுக்குப் போய்விடும். தளத்துக்குத் தளம், குறுக்குச்சட்டங்களுக்கு இடையிலும் சேர்த்து, 2 அங்குலக் கட்டையாலோ இறுக்கித் திணித்த கனிமக் கம்பளியாலோ (எரியாத கல் இழைப் பஞ்சு) அடைப்பதே முதல் வேலை. பீங்கான் குமிழ்களில் ஓடும் பழைய மின்கம்பிகள் இருந்தால் அவற்றை அகற்றிய பிறகே குளிர்காப்புப் பொருளை நிரப்ப வேண்டும். காற்றில் ஆறும்படி அமைந்த கம்பி மூடப்பட்டால் சூடேறும்.

அடுத்தது மாடங்கள். பழுது அதிகம் நடப்பதும், தவறாக நடப்பதும் இங்கேதான். மூன்று மாடங்களின் பாரமும் ஒரே தூண்வரிசையில் இறங்குகிறது. அடித்தூணை மாற்றுகிறவர் அதற்குமேல் உள்ளதெல்லாவற்றையும் முட்டுக்கொடுத்துத் தாங்கவேண்டும். மாடத்தைச் சுவரோடு பிணைக்கும் பலகையை நிலைச்சட்டங்களின் வெளிப்புறத்தை மூடும் மெல்லிய உறைப்பலகையில் மட்டும் ஆணியடித்தால் பிடிக்காது. பலூன் ஃப்ரேமில் தளவிளிம்பைச் சுற்றிக் கனமான விட்டம் இருக்கும் என்று நம்ப முடியாது. போல்ட் நிலைச்சட்டத்தின் மரத்தையோ, உள்ளே புதிதாகச் சேர்த்த கட்டையையோ பிடிக்கவேண்டும். பலகைக்கு மேல் தகரத் தகடு செருகாவிட்டால் மழைநீர் பின்னால் இறங்கிப் பிணைப்பே உளுத்துப்போகும். மாடத்தளம் அடிக்குக் கால் அங்குலம் வெளிப்பக்கம் சரியட்டும்.

வீட்டின் நடுவே நீளவாக்கில் ஓடும் சுவர் பெரும்பாலும் பாரம் தாங்குவது. கூடத்தைப் பெரிதாக்க அதை எடுத்த வீடுகளில் மேல்தளங்கள் தொய்ந்துவிடுகின்றன.

1978க்கு முந்தைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கலாம். சோதித்துப் பார்க்காமல் உலர்ந்த நிலையில் தேய்க்கக் கூடாது. உரிந்த பூச்சை மறைக்க வினைல் பலகை போர்த்துவதும் வேண்டாம். கசிவு எங்கே என்பது அதோடு மறைந்துவிடும்.

மாசசூசெட்ஸ் மாநிலம் 1912, 1913ஆம் ஆண்டுகளில் இயற்றிய சட்டங்களை ஏற்றுக்கொண்ட ஊர்களில் இத்தகைய புதிய வீடுகள் எழுவது அநேகமாக நின்றுபோனது. தீயைக் காரணம் காட்டினார்கள். குடியேறிகள்மீதான வெறுப்பும் அதில் கலந்திருந்தது. தீக்கு மருந்து சில அடைப்புக் கட்டைகளாக இருந்திருக்கும்.

இப்படிக்கு,
மரக்கட்டடப் பொறியாளர் ஒருவர்