பஸ்ராவுக்குப் போனவர்களின் பெயர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதல் உலகப் போரில் நம்மூர்ச் சிப்பாய்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். உங்கள் குடும்பத்தில் யாராவது போருக்குப் போயிருந்தால் இணையத்தில் தேடிப் பாருங்கள் என்று கட்டுரையாளர் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தார். என் பாட்டியின் அப்பாவைச் சில ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருப்பவள் என்ற முறையில், அந்த ஒரு வரியோடு விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் வீட்டில் அவரைப் பற்றி மிஞ்சியது, "பஸ்ராவுக்குப் போய் வந்தவர்" என்ற பேச்சும் (பஸ்ரா இன்றைய ஈராக்கில் இருக்கிறது) ஒரு வெள்ளிப் பதக்கமும்தான். கையில் வாங்குபவர்கள் எல்லாரும் ஐந்தாம் ஜார்ஜின் தலையைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவார்கள். விஷயம் இருப்பது விளிம்பில். படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் அங்கே பொடி எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். லென்ஸ் வைத்துப் படித்த பிறகுதான் அவர் ஒரு சாப்பர், அதாவது பாலமும் பாதையும் அமைக்கும் ராணுவப் பொறியியல் படையின் சிப்பாய் என்று தெரிந்தது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட 2வது விக்டோரியா மகாராணி சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ், அதாவது மெட்ராஸ் சாப்பர்ஸ். இன்றைக்கு மெட்ராஸ் இன்ஜினியர் குரூப். ராணுவத்தில் 'தம்பிகள்' என்று பெயர் எடுத்தவர்கள் இவர்கள்தான்.

வெண்கலத்தில் இருந்தாலும் பதக்கத்தை அலட்சியம் செய்துவிடாதீர்கள். இதே பதக்கத்தை இந்திய லேபர் கோர் போன்ற தொழிலாளர் படையினருக்கு வெண்கலத்தில்தான் கொடுத்தார்கள். மூட்டை சுமந்தவர், ரோடு போட்டவர், ரயில் பாதை அமைத்தவர் வீட்டில் அது இருக்கலாம். மெசபடோமியாவுக்கு, அதாவது இன்றைய ஈராக்குக்கு, இந்தியா அனுப்பியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் துப்பாக்கி ஏந்தாதவர்கள். அவர்களும் வெயிலிலும் காலராவிலும் செத்தார்கள். நட்சத்திர வடிவப் பதக்கம் என்றால் பெயர் பின்பக்கத்தில் இருக்கும்.

படைப்பிரிவு தெரிந்துவிட்டால் போர்க்களம் தெரிந்துவிடும். 61வது பயனியர்ஸ், 63வது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி என்றால் 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா. வீட்டில் "ஆப்பிரிக்கா போனவர்" என்று சொன்னால் அங்கிருந்து தொடங்கலாம். ஆனால் படைகளின் பெயர்கள் அடிக்கடி மாறியிருக்கின்றன. 61வது பயனியர்ஸ் 1922இல் மெட்ராஸ் பயனியர்ஸ் ஆனது, 1933இல் அதையும் கலைத்துவிட்டார்கள். இன்றைய பெயரை வைத்துத் தேடினால் ஒன்றும் அகப்படாது.

இறந்தவர்களைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடலாம். பல பதிவுகளில் தந்தை பெயர், ஊர், தாலுகா, ஜில்லா வரை இருக்கிறது. ஜில்லா என்பது அந்தக் காலத்து ஜில்லா. எங்கள் பக்கத்துக்காரர்கள் திருவண்ணாமலை, வேலூர், ராணிப்பேட்டை என்று தேடாமல் 'வட ஆற்காடு' என்று தேட வேண்டும். முனுசாமியை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் எழுதிப் பார்க்க வேண்டும். உயிரோடு திரும்பியவர்கள் இந்தப் பட்டியலில் இருக்க மாட்டார்கள். அவர்களுக்குப் பதக்கமும் பென்ஷன் காகிதமும்தான் ஆதாரம்.

என் தேடல் நின்றது, ஒவ்வொரு படைப்பிரிவும் போர்க்களத்தில் அன்றாடம் எழுதிவைத்த படை நாட்குறிப்புகளில். லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம் மெசபடோமியா நாட்குறிப்புகளை இணையத்தில் ஏற்றியிருக்கிறது. 1917 பிப்ரவரி 23 அன்று குட் நகருக்கு அருகே ஷும்ரான் வளைவில் குண்டுமழைக்கு நடுவே டைகிரிஸ் ஆற்றைக் கடந்தபோது படகு வலித்தவர்களில் மெட்ராஸ் சாப்பர்களும் இருந்தார்கள். அந்தக் காலத்து நாட்குறிப்புகளைப் படித்தால் அதிகாரிக்குப் பெயர் இருக்கிறது, சாப்பருக்கு எண்ணிக்கை இருக்கிறது. இத்தனை பேர் காயம், இத்தனை பேர் பலி, அவ்வளவுதான்.

பஸ்ரா நினைவுச் சின்னத்திலும் இதே கதைதான். 40,000க்கும் மேற்பட்டவர்களுக்கான நினைவிடம் அது. பலகைகளில் அதிகாரிகளின் பெயர்களைப் பொறித்துவிட்டு, சாதாரண இந்தியச் சிப்பாய்களைப் படைப்பிரிவு வாரியாக எண்ணிக்கையாக மட்டும் குறித்தார்கள். 2021இல் அந்தப் போர்க் கல்லறை ஆணையமே தன் அறிக்கையில் இந்தப் பாகுபாட்டை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. குறைந்தது 1,16,000 பேர், பெரும்பாலும் ஆப்பிரிக்காவையும் மத்தியக் கிழக்கையும் சேர்ந்தவர்கள், பெயரோடு நினைவுகூரப்படவில்லை, அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்கிறது அறிக்கை.

இதைப் படித்தபோது எனக்கு நம் ஊர்க் கற்கள்தான் ஞாபகம் வந்தன. தமிழ்நாட்டில் எத்தனையோ கிராமங்களில், சாவடிச் சுவரிலோ பழைய பள்ளிக் கட்டடத்திலோ ஒரு கல் பதித்திருக்கும். இந்தக் கிராமத்திலிருந்து 1914-1919 பெரும் போருக்கு இத்தனை பேர் சென்றனர், அவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தனர் என்று ஆங்கிலத்தில் இருக்கும். அதிலும் ஒரு பெயர்கூடக் கிடையாது. அந்தக் கல்லையும் இப்போது பெயின்ட் அடித்து மறைக்கிறார்கள், கட்டடத்தை இடிக்கும்போது குப்பையோடு அள்ளிப் போடுகிறார்கள்.

பஞ்சாபில் 1919இல் அரசு ஊர் ஊராகப் பதிவேடு எழுதி வைத்தது. லாகூர் அருங்காட்சியகத்தில் முடங்கிக் கிடந்த அந்தப் பதிவேடுகள், சுமார் 3,20,000 பேர் விவரத்தோடு, 2021 முதல் இணையத்துக்கு வரத் தொடங்கின. தாத்தாவின் ஊரைப் போட்டு அங்கே பேரன் தேடுகிறான். நமக்கு அப்படி ஊர்வாரியாகத் தேட ஒரு இடமில்லை. மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது, எழும்பூரில் ஆவணக் காப்பகம் இருக்கிறது, பள்ளிகளில் தொன்மை மன்றங்கள் இருக்கின்றன. இவர்களை ஒன்றுசேர்த்து மாவட்டவாரியாகப் பட்டியலிட அரசு முன்வர வேண்டும். அந்த வீரர்களின் கதையைப் பெற்றவர் வாயால் கேட்ட பிள்ளைகளில் இன்று உயிரோடு இருப்பவர்கள் மிகச் சிலரே. அவர்களிடம் முதலில் போக வேண்டும்.

அதற்குக் காத்திராமல் உங்கள் இதழே தொடங்கலாம் என்பது என் வேண்டுகோள். மாதம் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வாசகர்கள் தங்கள் ஊர்க் கல்லின் படத்தையும், அது இருக்கும் இடத்தையும், வீட்டிலுள்ள பதக்கத்தின் விளிம்பெழுத்தையும் அனுப்பட்டும். பதக்கத்தைப் பளபளவென்று தேய்க்க வேண்டாம், விளிம்பெழுத்து தேய்ந்துவிடும். நகைக்கடையில் உருக்கப் போடும் எண்ணம் இருந்தால், அதற்கு முன் விளிம்பைச் சுற்றிலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர்க் கல்லின் படத்தையும், பாட்டியின் அப்பா பதக்கத்தின் விளிம்பெழுத்தையும் இந்தக் கடிதத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
போளூர் வாசகி