இடமும் வலமும்

நண்பா,

மூன்று மாதமாகப் பதில் போடவில்லை, மன்னித்துக்கொள். அப்பாவின் கை நடுக்கத்தைப் பற்றி நீ எழுதியதைப் படித்தபின், வெறும் ஆறுதல் வார்த்தை எழுத மனம் வரவில்லை. நேற்று ராத்திரி, மண்டையோட்டுக்கு வெளியிலிருந்து அனுப்பும் அல்ட்ராசவுண்டை (காதுக்குக் கேட்காத ஒலியை) எங்கள் லென்ஸ் உள்ளே ஒரே புள்ளியில் குவித்துவிட்டது! முதலில் உனக்குத்தான் சொல்கிறேன்.

கணக்குப்புலிக்கு விளக்கம் வேண்டுமே. அல்ட்ராசவுண்ட் தண்ணீரில் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும், மண்டையோட்டு எலும்பில் 2,800 பக்கம். நாங்கள் வைத்திருப்பது 500 கிலோஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு ஐந்து லட்சம் அதிர்வு. எலும்பு ஓரிடத்தில் 3 மில்லிமீட்டர் கூடுதல் தடிப்பாக இருந்தாலே அங்கே வரும் அலை அரைச் சுற்று முந்திவிடும். பக்கத்து அலை மேடாக வரும்போது இது பள்ளமாக வந்து, இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும்.

அதனால் கணக்கைப் பின்னாலிருந்து போடுகிறோம். மூளைக்குள் வேண்டிய இடத்திலிருந்து ஒலி கிளம்புவதாகக் கணினியில் வைத்து, சி.டி. ஸ்கேனில் இருக்கும் எலும்பைத் தாண்டி அது எப்படிக் கசங்கி வெளியே வருகிறது என்று பார்ப்போம். அந்தக் கசங்கலைத் திருப்பிப் போட்டால் லென்ஸின் மேடு பள்ளம் கிடைத்துவிடும். அதை ரெசின் என்ற ஒருவகைப் பிளாஸ்டிக்கில் அச்சடிக்கிறோம். விரலால் தடவினால் குட்டி மலைத்தொடர் போல இருக்கும், நடுவில் குழிந்து. ஆமாம், குழிந்துதான்! ரெசினில் ஒலி தண்ணீரைவிட வேகமாகப் போகும், அதனால் குவிக்க நடு குழியவேண்டும். நடு மேடாகத்தான் இருக்கவேண்டும் என்று லேபில் அன்று நீ போட்ட சண்டை ஞாபகம் இருக்கிறதா? நான் சொன்னதுதான் சரி.

ஆனால் ஏழு வாரம் படாத பாடு பட்டேன். தண்ணீர்த் தொட்டியில் ஒரு மண்டையோட்டை வைத்து, ஹைட்ரோபோனை (தண்ணீருக்குள் ஒலியை அளக்கும் கருவி) நகர்த்தி அளந்தால், ஒலி குவியும் புள்ளி இரண்டாகப் பிளந்து தள்ளி நிற்கும். காற்றுக்குமிழியோ என்று எலும்பைத் தண்ணீருக்குள் வைத்து மறுபடி வெற்றிடத்தில் காற்றை உறிஞ்சினேன். ரெசினை மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. நேற்று மண்டையோட்டைத் துடைக்கும்போது, இடது காதுக்கு மேலே யாரோ எப்போதோ போட்ட ஆணித்துளை கையில் தட்டுப்பட்டது. திரையில் பார்த்தேன்: துளை வலப்பக்கம் இருந்தது.

ஸ்கேனை ஏற்றும்போது இடம் வலமாகப் புரண்டிருக்கிறது. மண்டையோடு ஏறக்குறைய இருபுறமும் ஒன்றுபோல இருப்பதால்தான் தப்பு இத்தனை நாள் ஒளிந்திருந்தது. புரட்டிப்போட்டு லென்ஸை மறுபடி அச்சடித்தேன். ஒரே புள்ளி, வேண்டிய இடத்தில்!

சந்தோஷம் அடங்கியதும் பயம் வந்தது. வலது கை நடுக்கத்துக்கு, மூளையின் ஆழத்தில் இருக்கும் தாலமஸ் என்ற பகுதியின் இடப்பக்கத்தில்தான் ஒலியைக் குறிவைப்பார்கள். உயிருள்ள தலையில் இந்தப் புரட்டல் நடந்தால்? இனி ஒவ்வொரு ஸ்கேனுக்கு முன்பும் ஒரு பக்கத்தில் மட்டும் அடையாளம் ஒட்டப்போகிறோம். அதைச் சரிபார்க்காமல் லென்ஸ் அச்சுக்குப் போகாது.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் லென்ஸ் அவருக்கு உதவும் நிலையில் இல்லை, பொய் நம்பிக்கை தரமாட்டேன். காரணம் தெரியாத கை நடுக்கத்துக்கு 2016-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சிகிச்சை வேறு. தலையைச் சுற்றி 1,024 ஒலிமூலங்கள் கொண்ட கவசம் அது. ஒவ்வொன்றையும் தனித்தனியே தாமதப்படுத்தலாம் என்பதால் லென்ஸே வேண்டாம். எல்லா நடுக்கத்துக்கும் அது ஆகாது, எல்லா மண்டையோடும் ஒலியை ஒரேபோல விடாது. நரம்பியல் மருத்துவர்தான் சொல்லவேண்டும்.

போவதற்குமுன் ஒன்று செய். அப்பாவை இரண்டு கையாலும் தனித்தனியே ஒரு சுருள் வரையச் சொல். எது எந்தக் கை என்று ஓரத்தில் அப்போதே எழுதிவிடு. எனக்கும் ஒரு பிரதி அனுப்பு.

உன்
பழைய பெஞ்சுக்காரன்