வலை விடுவதற்கு முன்பே பங்கைப் பேசிவிடுங்கள்

பாம்பன், இராமநாதபுரம் மாவட்டம்

வீடியோவைச் சுருக்கிப் பதிந்து, பிறகு விரித்துக் காட்டும் முறைகளான கோடெக்குகளுக்குத் தரநிலை வகுக்கும் ஜேவெட் நிபுணர் குழுவினருக்கும், அந்தக் கூட்டங்களில் இந்தியா சார்பில் உட்காருகிறவர்களுக்கும், வணக்கம்.

நான் நிபுணன் கிடையாது. பாம்பனில் ஒரு சின்ன அறை, இரண்டு கணினி, மூன்று கேமரா. கல்யாணம், நிக்காஹ், கோயில் திருவிழா, ஏர்வாடி சந்தனக்கூடு, புதுப் படகைக் கடலில் இறக்கும் பூசை என்று எதைச் சொன்னாலும் எடுத்து, வெட்டி ஒட்டி, அனுப்பி வைப்பேன். நீங்கள் செய்த கோடெக்கைக் காலையிலிருந்து ராத்திரி வரை தொட்டுக்கொண்டே இருக்கிறேன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் கீழக்கரையில் ஒரு நிக்காஹ். மாப்பிள்ளையின் வாப்பா துபாயில் இருந்தார், லீவு கிடைக்கவில்லை. அன்றைக்கு ராத்திரியே வீடியோ வேண்டும் என்று சொல்லியிருந்தார். கேமரா எச்.265 என்ற புதிய கோடெக்கில் பதிந்திருந்தது. ஃபைல் சின்னதாக இருக்கிறதே என்ற சந்தோஷத்தில் அப்படியே ஏற்றிவிட்டேன். ஒரு மணிக்குப் போன் வந்தது. "தம்பி, சத்தம் மட்டும் கேக்குது, படம் வரலையே. கறுப்பா இருக்கு." அவர் கணினியில் இருந்த உலாவி அந்தப் படத்தைத் திறக்கவில்லை. வேறு பிளேயரில் போட்டால், இந்தக் கோடெக் வேண்டுமென்றால் தனியாகப் பணம் கட்டு என்று ஒரு பெட்டி வந்து நின்றதாம். எழுந்து உட்கார்ந்து மொத்தத்தையும் பழைய எச்.264க்கு மாற்றினேன். ஃபைல் ஏறக்குறைய இரட்டிப்பானது. எங்கள் ஊர் இணைப்பில் அது ஏறி முடிந்தபோது சுபுஹு பாங்கு கேட்டது.

பணம் பெரிய தொகை இல்லை. ஆனால் நான் எடுத்த படத்தை, அதற்குக் காசு கொடுத்தவர் பார்க்க, நடுவில் இன்னொருவர் எதற்குக் கை நீட்டுகிறார்? அதைத் தேடப் போய்த்தான் உங்கள் கூட்ட அறிக்கைகளில் விழுந்தேன்.

முதலில் ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிடுகிறேன். இவ்வளவு திறந்த கதவை நான் எதிர்பார்க்கவில்லை. பெரிய பெரிய கம்பெனிகள் உட்காரும் இடம், பூட்டித்தான் இருக்கும் என்று நினைத்தேன். கூட்டத்துக்கு வரும் ஆவணங்கள், வரைவுகள், சோதனை மென்பொருள், நூற்றுக்கணக்கான பக்கம் ஓடும் கூட்ட அறிக்கை எல்லாவற்றையும் பாம்பனில் இருந்துகொண்டே காசில்லாமல் இறக்கிக்கொள்ள முடிகிறது. ஆவணம் கெடுவுக்குள் வர வேண்டும், பிந்தி வந்தால் பிந்தி வந்தது என்று அறிக்கையிலேயே பதிகிறீர்கள். ஒரு கம்பெனி தன் உத்தி இத்தனை சதவீதம் பிட்டை, அதாவது ஃபைல் அளவை, மிச்சப்படுத்தும் என்று சொன்னால், இன்னொரு கம்பெனி அதை ஓட்டிப் பார்த்து ஆமாம் என்று எழுதித் தருகிறது. எல்லாருக்கும் ஒரே சோதனைக் காட்சிகள், ஒரே நிபந்தனைகள். கை தூக்கி ஓட்டு எண்ணுவதில்லை. விடாப்பிடியான எதிர்ப்பு அடங்கும் வரை பேசிப் பேசியே முடிவுக்கு வருகிறீர்கள். கேரி சல்லிவனும் யென்ஸ்-ரைனர் ஓமும் எச்.264 காலத்திலிருந்து இந்தக் கூட்டங்களுக்குத் தலைமை ஏற்று எழுதி வைத்த குறிப்புகளைப் புரட்டினால், அரை சதவீத மிச்சத்துக்கு எவ்வளவு மல்லுக்கட்டு என்று புரியும்.

அந்த அரை சதவீதத்தின் அருமை எனக்குத் தெரியும். கச்சான் காற்று அடிக்கிற ஒரு மத்தியானம் பாம்பன் ரோட்டுப் பாலத்தில் நின்று வீடியோ எடுத்துப் பாருங்கள். மேல்பாதி வானம், கீழ்ப்பாதி கடல். வானத்துக்குச் செலவே கிடையாது. எச்.264இல் 16க்கு 16 புள்ளியாக இருந்த கட்டம் எச்.265இல் 64க்கு 64, எச்.266 என்கிற வி.வி.சி.யில் 128க்கு 128 வரை பெருத்துவிட்டது. பெரிய கட்டம் ஒன்றைப் போட்டு, போன பிரேமில் இருந்ததுதான் என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. கடலிடம் அது நடக்காது. இந்தத் துண்டு போன பிரேமில் எங்கே இருந்தது என்று கோடெக் தேடுகிறது. எங்கேயும் இருந்திருக்காது. அலை மேல் மினுங்கும் வெயில் அந்தக் கணத்தில் பிறந்து அந்தக் கணத்திலேயே செத்துப்போகிறது. பிட் போதாமல் தண்ணீர் சதுரம் சதுரமாக உடைகிறது. லைவில் அந்தச் சதுரங்களுக்கு நடுவே ஒரு வல்லம் மிதந்து போவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும், காசு கொடுத்தவருக்கு வராது. ஒவ்வொரு தலைமுறையும் முந்தையதில் ஏறக்குறைய பாதி பிட்டில் அதே தரம் என்கிறீர்களே, அது எங்களைப் போன்றவர்களுக்குச் சாதாரண விஷயம் இல்லை.

இத்தனை துல்லியமும் உங்கள் ஆவணங்களின் கடைசிப் பத்தியில் வந்து நின்றுபோகிறது. அநேகமாக எல்லா ஆவணத்தின் வாலிலும் ஒரே வாக்கியம், கம்பெனிப் பெயர் மட்டும் மாறும். இதில் சொன்ன தொழில்நுட்பத்தில் எங்களுக்குக் காப்புரிமை இருக்கலாம், அல்லது விண்ணப்பம் நிலுவையில் இருக்கலாம். மற்றவர்களும் அப்படியே தருவதானால் நாங்களும் நியாயமான, பாரபட்சமில்லாத நிபந்தனைகளில் உரிமம் தரத் தயார். காப்புரிமை அறிவிப்புப் படிவத்தின் இரண்டாம் கட்டம் என்று அதற்குப் பெயர்.

அந்தப் படிவம் ஐ.டி.யு., ஐ.எஸ்.ஓ., ஐ.இ.சி. என்ற மூன்று பன்னாட்டுத் தரநிலை அமைப்புகளுக்கும் பொதுவானது. 2007இல் அந்த மூன்று அமைப்புகளும் சேர்ந்து அறிவித்த காப்புரிமைக் கொள்கையோடு வந்தது. அதில் மூன்று கட்டங்கள். முதல் கட்டத்தில் டிக் போட்டால் இலவசமாகத் தருகிறேன் என்று பொருள். இரண்டாவது, நியாயமான விலைக்குத் தருகிறேன், பேச்சுவார்த்தை வெளியே. மூன்றாவது, தர மாட்டேன். மூன்றாவதில் டிக் விழுந்தால் அந்த உத்தியைத் தரநிலையில் சேர்க்கக் கூடாது. இதெல்லாம் சரி. ஆனால் அந்த இரண்டாவது கட்டத்தில் விலை எழுத இடமே கிடையாது. காப்புரிமை எண்ணைக்கூட எழுதினால் நல்லது என்றுதான் இருக்கிறதே தவிர, எழுதியாக வேண்டும் என்று இல்லை.

அப்புறம் அந்தச் சடங்கு. கூட்டம் தொடங்கும்போது, இதுவரை சொல்லாத காப்புரிமை யாருக்காவது தெரிந்தால் இப்போது வாய்விட்டுச் சொல்லலாம் என்று தலைவர்கள் கேட்கிறார்கள். அடுத்த வரியில், அப்படி யாரும் எதுவும் சொல்லவில்லை என்று இருக்கும். நான் புரட்டிய அறிக்கைகளில் இந்த இரண்டு வரியும் ஜோடியாகவே வருகின்றன. சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு முன்கதை ஒன்று உண்டு. எச்.264 உருவான காலத்தில் சிப் கம்பெனியான குவால்காம் தன் காப்புரிமைகளைக் குழுவிடம் சொல்லாமல் இருந்துவிட்டு, தரநிலை வெளிவந்த பிறகு பிராட்காம் மீது வழக்குப் போட்டது. நாங்கள் அந்தக் குழு வேலையில் கலந்துகொள்ளவே இல்லை என்று சாதித்தது; விசாரணை நேரத்தில் வெளிவந்த மின்னஞ்சல்கள் வேறு கதை சொல்லின. எச்.264 பொருள்கள் மீது அந்தக் காப்புரிமைகளை ஏவ முடியாது என்று 2008இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாயே திறக்காதவரைப் பிடிக்க நீதிமன்றம் இருக்கிறது. வாயைத் திறந்து, "பங்கு உண்டு, எவ்வளவு என்று பிறகு சொல்கிறேன்" என்பவரை உங்கள் கொள்கையே விட்டுவிடுகிறது.

தனுஷ்கோடிப் பக்கம் கரைவலை இழுப்பதை ஒரு தடவை வந்து பாருங்கள். கயிற்றின் ஒரு முனை கரையில் நிற்கும். படகு வலையை அரைவட்டமாக விட்டுக்கொண்டே போய் மறுமுனையைத் தள்ளி ஓரிடத்தில் கரைக்குக் கொண்டுவரும். அப்புறம் இரண்டு பக்கமும் ஆள் நின்று இழுப்பார்கள். சின்ன வேலை இல்லை. மணல் காலைச் சுடும், கயிறு உள்ளங்கையைத் தின்னும். வலையின் மடி கரை ஏறும்போது அதில் சூடை மீன் குவியலாகவும் இருக்கலாம், வெறும் பாசியாகவும் இருக்கலாம். ஆனால் வலைக்கு எவ்வளவு, படகுக்கு எவ்வளவு, இழுக்கிற கைக்கு எவ்வளவு என்பது கயிற்றைத் தொடும் முன்பே அத்தனை பேருக்கும் தெரியும். மடி வந்த பிறகு ஒருவர், "நியாயமாகத்தான் கேட்பேன், தனியாக வாருங்கள் பேசுவோம்" என்றால் மறுநாள் அந்த வலைக்கு ஆள் வராது.

எச்.265க்கு நடந்தது அதுதான். 2013இல் தரநிலை முடிந்தது. 2014இல் எம்பெக் எல்.ஏ. என்ற நிறுவனம், பல கம்பெனிகளின் காப்புரிமைகளை ஒன்றாகக் கட்டித் தரும் ஒரு கூட்டு உரிமத்தைக் கொண்டுவந்தது. 2015இல் எச்.இ.வி.சி. அட்வான்ஸ் என்று இன்னொன்று. அது படம் காட்டிச் சம்பாதிக்கிறவர்களின் வருமானத்திலும் பங்கு கேட்டுவிட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் தளர்த்திக்கொண்டது. 2017இல் வெலோஸ் மீடியா என்று மூன்றாவது. எதிலும் சேராமல் தனியே நின்றவர்கள் வேறு. ஐபோன் 2017இலேயே எச்.265இல் பதிய ஆரம்பித்தது, குரோம் உலாவி 2022இல்தான் அதைத் திறந்தது, அதுவும் கணினியின் வன்பொருள் கைகொடுத்தால் மட்டும். கீழக்கரை வாப்பா அந்த இடைவெளியில்தான் மாட்டிக்கொண்டார். கசந்துபோன கம்பெனிகள் 2015இல் தனிக் கூட்டணி அமைத்து 2018இல் ஏ.வி.1 என்று தங்கள் கோடெக்கை வெளியிட்டன. இலவசம் என்றார்கள், அடுத்த ஆண்டே சிஸ்வெல் என்ற உரிம நிறுவனம் அதற்கும் ஒரு கூட்டு உரிமத்தோடு வந்து நின்றது. எச்.264 மட்டும் ஏன் இன்றும் எல்லா இடத்திலும் ஓடுகிறது? பார்ப்பவரிடம் காசு வாங்காத இணைய வீடியோவுக்கு என்றைக்குமே உரிமத்தொகை கேட்க மாட்டோம் என்று எம்பெக் எல்.ஏ. 2010இல் வெளிப்படையாகச் சொன்னது. அது ஒன்றே காரணம் இல்லை, ஆனால் என்னைப் போன்றவன் பயமில்லாமல் தொழில் செய்ய அந்த ஒரு வார்த்தை போதும்.

என்ன பதில் சொல்வீர்கள் என்று தெரியும். கூட்டத்தில் விலை பேசினால் அது கூட்டுச்சதி ஆகிவிடும், போட்டிச் சட்டம் பாயும். வந்திருப்பவர்கள் பொறியாளர்கள், வக்கீல்கள் இல்லை. காப்புரிமை விண்ணப்பமே நிலுவையில் இருக்கும்போது என்ன விலை சொல்வது? மூன்றும் ஞாயமான கேள்விகள்தான். நான் கேட்பது கூட்டத்தில் பேரம் பேசச் சொல்லி இல்லை. ஒவ்வொருவரும் தானாக, தனியாக, அதிகபட்சம் இதற்கு மேல் கேட்க மாட்டேன் என்று ஒரு வரி எழுதித் தரட்டும். கணினிப் பலகைகளுக்குத் தரநிலை வகுக்கும் வீட்டா என்ற அமைப்பு 2007இலிருந்து இதைக் கட்டாயமாகவே வைத்திருக்கிறது. அதற்கு முந்தின ஆண்டே அமெரிக்க நீதித்துறை அந்தத் திட்டத்தைப் பார்த்து, எதிர்க்கப் போவதில்லை என்று கடிதம் கொடுத்துவிட்டது. கூட்டத்துக்கே வராமல் வெளியே காப்புரிமையோடு காத்திருப்பவரை இது தொடாது, உண்மைதான். உள்ளே இருப்பவர்களாவது சொல்லலாமே.

படிவம் உங்கள் கையில் இல்லை என்பதும் புரிகிறது. அது மூன்று தலைமை அமைப்புகளுடையது. ஆனால் உங்கள் கையில் இருப்பவை சில உண்டு. வி.வி.சி.யிலேயே பல உத்திகளைத் தனித்தனியாக அணைத்து வைக்கச் சுவிட்சு வைத்திருக்கிறீர்கள். 2020இல் வந்த இ.வி.சி. என்ற இன்னொரு கோடெக்கில் அடிப்படைப் பகுதியை இருபது ஆண்டு கடந்த பழைய உத்திகளையும் இலவசமாகத் தரச் சம்மதித்தவற்றையும் வைத்தே கட்டினார்கள், மேற்பகுதியில் ஒவ்வொன்றையும் கழற்றி வைக்கவும் வழி செய்தார்கள். சுவிட்சு இருக்கிறது, எதை அணைத்தால் எவ்வளவு காசு மிச்சம் என்பதுதான் தெரியவில்லை. வரைவில் ஒரு உத்தியைச் சேர்க்கும்போது அதன் பக்கத்தில் எந்தக் கட்டம், உச்சத்தொகை சொன்னார்களா இல்லையா என்று அறிக்கையில் ஒரு வரி எழுதுங்கள். இரண்டு உத்திகள் ஏறக்குறைய சமமாக நின்றால், பங்கைச் சொன்னவருடையதை எடுங்கள்.

இந்தியப் பிரதிநிதிகளிடம் தனியாக ஒன்று. இந்தியத் தரநிலை அமைப்பான பி.ஐ.எஸ். வழியாக உள்ளே போகிற உங்களுக்கு அங்கே வாய் உண்டு, எனக்கு இல்லை. வி.வி.சி. 2020 ஜூலையில் முடிந்ததே இணையவழிக் கூட்டத்தில்தான். ஜெனீவாவுக்கு டிக்கெட் எடுக்க முடியவில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. அடுத்த கோடெக்குக்கான ஆய்வு நடந்துகொண்டிருக்கிறது. வலை இன்னும் படகில்தான் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. உங்கள் பழைய சோதனைக் காட்சிகளில் கோஸ்ட்கார்ட் என்று ஒன்றைப் பார்த்தேன், 352க்கு 288 புள்ளி, அமைதியான தண்ணீரில் படகு போகிறது. எங்கள் ஊர்க் கோஸ்ட் கார்டு போகிற தண்ணீர் அப்படி இருக்காது. குந்துகால் கரையில் நின்று கச்சான் நாளின் கடலைப் பத்து விநாடி எடுத்துத் தருகிறேன். 4கே, விநாடிக்கு 60 பிரேம், அழுத்தாமல் கொடுத்தால் சுமார் 15 ஜிபி வரும். அப்படிப் பதிகிற கேமராவை மதுரையிலிருந்து வாடகைக்குத்தான் எடுக்க வேண்டும், அது என் செலவு. படிவம் ஏதாவது இருந்தால் அனுப்புங்கள், முதல் கட்டத்தில் டிக் போட்டுத் தருகிறேன்.

இப்படிக்கு,
பாம்பனில் வீடியோ எடிட் செய்கிற ஒருவன்