கையெழுத்து மாறிப்போன ஆடிட்டரின் நன்றி மடல்

எல்லாருக்கும் வணக்கம்.

இந்த மடலில் எனக்கு நேரில் உதவிய யார் பெயரும் இருக்காது, என் பெயரும் இருக்காது. நான் போய்வரும் ஏ.ஏ. குழுவில், அதாவது குடியை விட நினைக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸில், பொதுவெளியில் பெயர் போட்டுக்கொள்வதில்லை என்பது மரபு. தங்களைத்தான் சொல்கிறேன் என்று உரியவர்களுக்குத் தெரியும். வரும் மார்கழியோடு நான் குடியை நிறுத்தி இரண்டு வருடம்.

சென்னையில் 22 வருடமாக ஆடிட்டர். வரித் தணிக்கை அறிக்கைக்கான செப்டம்பர் 30 கெடுவை ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை. வீட்டுக் கடன் முடிந்துவிட்டது, மகள் கல்லூரியில் படிக்கிறாள். பெருமைக்குச் சொல்லவில்லை, இவைதான் என் சாட்சிகள். யார் குடியைப் பற்றிப் பேச்செடுத்தாலும் இவற்றைக் கூண்டில் ஏற்றிவிடுவேன். டாஸ்மாக் வாசலில் வேட்டி அவிழ்ந்து கிடப்பவன்தான் குடிகாரன். நான் கிளப்பில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன். கிளப் எப்போது ஆபீஸ் மேசை டிராயருக்கு வந்தது, காலை 11 மணிக்கு எவர்சில்வர் பாட்டிலில் எப்போது வோட்கா ஏறியது என்பதற்கு மட்டும் என்னிடம் கணக்கு இல்லை.

அந்தச் சாட்சிகளை நம்பாதவர்களுக்குத்தான் இந்த நன்றி.

முதலில், எங்களிடம் ஆர்ட்டிகிள்ஷிப், அதாவது ஆடிட்டர் படிப்புக்கான பயிற்சி, செய்த அந்தப் பெண்ணுக்கு. கெடு நெருங்கிய ஒரு சாயங்காலம் கதவைச் சாத்திவிட்டு வந்து நின்றாய். "சார், மத்தியானத்துக்கு மேல நீங்க பார்த்த ஃபைலையெல்லாம் நான் மறுபடி பார்த்துட்டுத்தான் அனுப்புறேன்" என்றாய். கத்தினேன். ஒரு தாளை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாய். 14 தவறுகள், ஃபைல் வாரியாக. ஓரிடத்தில் தேய்மானத்தை இரண்டு தரம் கழித்திருந்தேன். கெடு தவறாத ஆடிட்டரின் லட்சணம்!

அடுத்த மாதம் ஒரு செக் திரும்பி வந்தது. பணம் இல்லாமல் அல்ல, கையெழுத்து பொருந்தவில்லை. வரி ரிட்டர்னுக்கெல்லாம் கம்ப்யூட்டரில் போடும் டிஜிட்டல் கையெழுத்துதான். அதற்கான டோக்கனைக் கம்ப்யூட்டரில் செருகி, ரகசிய எண்ணைத் தட்டினால் முடிந்தது, கை நடுங்குவது அதற்குத் தெரியாது. பேனா காட்டிக்கொடுத்துவிட்டது. வங்கிக் கிளையில் இருந்த அம்மா, பழைய மாதிரிக் கையெழுத்தையும் என் செக்கையும் அருகருகே வைத்துக் காட்டினார். வேறு யாருக்கும் கேட்காத குரலில் "உடம்பைப் பார்த்துக்குங்க சார்" என்றார். அந்தத் தாழ்ந்த குரலுக்கு நன்றி அம்மா.

அப்புறம் குருசாமி. உங்களிடம் சொல்ல நன்றியோடு ஒரு மன்னிப்பும் பாக்கி இருக்கிறது.

வருடா வருடம் கார்த்திகையில் மாலை போடுவேன். 41 நாள் ஒரு சொட்டு தொடமாட்டேன். எனக்குக் குடிநோய் இல்லை என்பதற்கு இதுதான் என் பெரிய அத்தாட்சி. மாலையைக் கழற்றிய அன்று ராத்திரியே விட்டதைப் பிடித்துவிடுவேன் என்பது வேறு கதை. அந்த வருடம் மாலை போட்ட இரண்டாம் நாள் ராத்திரி உள்ளங்கை வேர்த்து, உடம்பெல்லாம் உதறி, துளசி மணி சட்டைப் பித்தானில் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டது. காலையில் உங்களுக்குப் போன் செய்து, பங்காளி வீட்டில் சாவு, தீட்டு, மாலையைக் கழற்றுகிறேன் என்றேன். யாரும் சாகவில்லை குருசாமி. நீங்கள் துக்கம் விசாரிக்கவில்லை. "ஐயப்பன் எங்கேயும் போயிடமாட்டார் சாமி. முதல்ல டாக்டரைப் பாருங்க" என்றீர்கள்.

டாக்டர் நாலே கேள்வி கேட்டார். குடியைக் குறைக்கணும் என்று நினைத்ததுண்டா? யாராவது சொன்னால் எரிச்சல் வருமா? குடிப்பதை நினைத்துக் குற்ற உணர்வு? காலையில் எழுந்ததும் குடித்ததுண்டா? இரண்டுக்கு 'ஆமாம்' வந்தாலே யோசிக்க வேண்டுமாம். எனக்கு நாலும். மாலை போட்டு நிறுத்தப் பார்த்ததைச் சொன்னபோதுதான் அவர் முகம் மாறியது. வருடக்கணக்கில் மது மூளையின் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்க, மூளை ஈடுகட்ட ஆக்சிலேட்டரை அழுத்திப் பழகிவிடும். திடீரென்று பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி தறிகெட்டு ஓடும் என்றார். நடுக்கம், சிலருக்கு வலிப்பு, இரண்டு மூன்று நாளில் பிதற்றல், உயிரே போகலாம். என்னை மாதிரி ஆட்கள் டாக்டர் துணை இல்லாமல் ஒரேயடியாக நிறுத்தக் கூடாதாம். எனக்கு இது சுத்தமாகத் தெரியாது. சேர்த்துக்கொண்டு, வைட்டமின் பி1 ஊசி போட்டு, மாத்திரையை நாளுக்கு நாள் குறைத்து இறக்கிக் கொண்டுவந்தார். மூன்றாம் நாள் ராத்திரி படுக்கையில் எறும்பு ஊர்கிறது என்று நான் சத்தம் போட்டபோது, மூன்று முறை விரிப்பு மாற்றிய நர்ஸ் அக்காவுக்கும் நன்றி.

நான் போன முதல் ஏ.ஏ. கூட்டத்தில் கடைசி வரிசையில், இது நமக்கான இடம் இல்லை என்ற நினைப்போடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் ரிட்டயர்டு பஸ் டிரைவர். இன்று என் ஸ்பான்சர், அதாவது குழுவில் எனக்கு வழிகாட்டும் மூத்தவர். "இதை ஆரம்பிச்சதே உங்களை மாதிரி ஆளுங்கதான் சார்" என்றார். 1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில், பங்குச் சந்தைக்காரர் பில் வில்சனும் அறுவை மருத்துவர் பாப் ஸ்மித்தும். அந்த ஜூன் 10ஆம் தேதி டாக்டர் பாபுக்கு ஆபரேஷன் இருந்தது. கை நடுக்கம் அடங்க பில் ஒரு பீரைக் கொடுத்துத்தான் அனுப்பினார். அதுவே டாக்டரின் கடைசிக் குடி. கேட்டதும் என் செக் ஞாபகம் வந்து, இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன்.

சாந்தி ரங்கநாதன் அம்மாவை நான் பார்த்ததில்லை. டி.டி.கே. என்ற பெரிய தொழில் குடும்பத்தில் கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தவர், 1980இல் சென்னையில் குடிநோய்க்கென்றே ஒரு சிகிச்சை மையம் தொடங்கினார். பணக்கார வீடு அதை மூடி மறைத்திருக்கலாம். இந்த மடலை எழுதும் தைரியத்தில் கொஞ்சம் அவரிடமிருந்து வந்தது.

மனைவிக்கு என்ன எழுதுவது? ஆறேழு வருடம் என் கிளையண்டுகளிடம் "அவருக்குக் காய்ச்சல்" என்று சொன்னவள், ஒரு நாள் போனை என் கையில் கொடுத்து, "நீங்களே சொல்லிக்குங்க" என்றாள். அன்றைக்கு அவள்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அவள் அதற்கு முன்பே, குடிநோயாளிகளின் குடும்பத்தார் கூடும் அல்-அனானுக்குப் போய்க்கொண்டிருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

இந்தக் கார்த்திகை முதல் தேதி குருசாமி கையால் மறுபடி மாலை போட்டுக்கொண்டேன். வங்கியிலும் புதிதாக மாதிரிக் கையெழுத்து கேட்டார்கள், போட்டுக் கொடுத்தேன்.

இன்று செவ்வாய்க்கிழமை. கூட்டத்துக்கு நாற்காலி போடுவது இந்த மாதம் என் முறை. ஆறு மணிக்குள் போகவேண்டும், ஸ்பான்சர் வேறு வாசலில் நின்று ஹாரன் அடிக்கிறார்.

அன்புடன்,
உங்கள் ஆடிட்டர்